பிறந்த வருஷத்துக்குப் பிறகு ஒரு கோடு

ஃபோன் அடிக்கிறதே என்று பார்க்காதீர்கள் தம்பி. அது அப்படித்தான் அடிக்கும். கோவில்பட்டியில் பஸ் ஏறி உட்கார்ந்ததிலிருந்து அடிக்கிறது. ஏதோ வெளியூர் நம்பர். எடுத்தால் என்ன கேட்பார்கள் தெரியுமா? "எப்ப எடுக்கிறாங்க?" என்று கேட்பார்கள். யாரை? என்னைத்தான்.

சிரிக்காதீர்கள். நேற்று ஒருத்தன் கேட்டான். "அய்யலுசாமி அண்ணன் வீடுதானே, எப்ப எடுக்கிறாங்க?" "அய்யலுசாமிதான் பேசுறேன்" என்றேன். "சாரி, ராங் நம்பர்" என்று வைத்துவிட்டான். செத்தவன் பேசினால் ராங் நம்பராம். ஒவ்வொரு நவம்பர் மாதமும் விரலை மிஷினில் அழுத்தி, உயிரோடுதான் இருக்கிறேன் என்று சர்க்காருக்கே ருசுக் கொடுத்து பென்ஷன் வாங்குகிறவன் நான். சர்க்கார் நம்புகிறது. ஊர் நம்ப மாட்டேன் என்கிறது.

ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்கள், காற்றில் பேச்சு பறக்கிறது. மதுரைக்குத்தானே? நானும் மதுரைக்குத்தான். அங்கே ஒரு காப்பகம் இருக்கிறது. அனாதைக் காப்பகம் இல்லை. பழைய ஃபோட்டோ காப்பகம், ஒளிப்பட ஆவணக் காப்பகம் என்று போர்டில் போட்டிருக்கும். மாடியில். அங்கே போய் ஒரு ஆளைப் பார்த்து இரண்டில் ஒன்று கேட்டுவிட்டுத்தான் திரும்புவேன்.

எனக்கு வேலை தந்தி ஆபீஸில். தந்தி கொண்டுபோய்க் கொடுக்கிற ஆள். உங்கள் வயதுக்குத் தந்தியைப் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்க்காததே நல்லது. நான் தெருவுக்குள் சைக்கிளைத் திருப்பினாலே பொம்பளைகள் குழாயடியில் குடத்தைப் போட்டுவிட்டு மாரில் அடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். யார் வீட்டுக்கு என்றே நான் இன்னும் சொல்லியிருக்க மாட்டேன். காகிதத்தைப் பிரித்திருக்க மாட்டேன். அதற்குள் ஒப்பாரி. உள்ளே பார்த்தால் பையனுக்கு வேலை கிடைத்திருக்கும், இல்லாவிட்டால் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கும். அதனாலேயே நான் தெருமுனையிலேயே மணியடித்து "நல்ல தந்தி! நல்ல தந்தி!" என்று கத்திக்கொண்டே போவேன். கத்தாமல் போனால் என்ன அர்த்தம் என்று அவர்களாகவே தெரிந்துகொள்வார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், படிக்காமலே அழுகிற ஜனம் அன்றைக்கும் இருந்தது. அது ஒன்றும் ஃபேஸ்புக் வந்து கெட்டுப்போகவில்லை.

போன மாதம் அந்தக் காப்பகத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு பையன், ஒரு பெண். அந்தப் பெண் பெயர் ஹஸீனா. நல்ல மரியாதையான பிள்ளை, இப்போதும் சொல்கிறேன், அவள்மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் கிடையாது. காக்கி உடுப்பு, சிவப்பு சைக்கிள், தோளில் தோல் பையோடு நான் நிற்கிற ஃபோட்டோ ஒன்று எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும். அதைக் கழற்றி ஒரு மிஷினில் வைத்துப் பிடித்துக்கொண்டு, திரும்பச் சுவரில் மாட்டிவிட்டே போனாள்.

"இதையெல்லாம் பூட்டி வச்சா யாருக்கு ஐயா பிரயோஜனம்? நெட்டுல போடுறோம். ஜனங்க பார்க்கணும், பேசணும், அவங்களுக்குத் தெரிஞ்சதை எழுதணும். மக்களும் சேர்ந்துதான் ஆவணம்" என்றாள்.

"மக்கள் என்னம்மா எழுதுவாங்க?"

"நீங்களே பாருங்க ஐயா. கொட்டுவாங்க."

கொட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் போட்டார்கள். கறுப்பு வெள்ளைப் படம். 'தந்தி சேவகர் அய்யலுசாமி, கோவில்பட்டி' என்று என் பெயர். பக்கத்தில் அடைப்புக்குறி. அடைப்புக்குறிக்குள் 1958 என்று நான் பிறந்த வருஷம். அதற்குப் பிறகு ஒரு கோடு. கோட்டுக்குப் பிறகு ஒன்றும் இல்லை.

அந்தக் கோடுதான் தம்பி என்னைக் கொன்றது.

பிறகு ஃபோனில் கேட்டேன் அந்தப் பெண்ணை. "அது என்னம்மா கோடு?" "ஐயா, அது நாங்க கடைப்பிடிக்கிற முறை. உயிரோட இருக்கிறவங்களுக்குப் பிறந்த வருஷம் போட்டு, கோடு போட்டு, இடம் விட்டுருவோம்." "இடம் விட்டுருவீங்களா? அப்போ எனக்கு ரிசர்வ் பண்ணி வச்சிருக்கீங்க." "ஐயோ, அப்படி இல்லைங்க ஐயா." "பின்னே எப்படி? இடம் விட்டா ஒருநாள் ஆள் வந்து உட்காரத்தானே செய்வான்?"



முதல் ஆளாக 'ஆழ்ந்த இரங்கல்' என்று எழுதினவன் யார் தெரியுமா? வேதமுத்து. என்கூட ஒரே ஆபீஸில் ரிட்டயர் ஆனவன். அன்று காலையில் பஸ் ஸ்டாண்டு கடையில் என்கூட டீ குடித்தவன். என் டம்ளரில் ஆடை இருக்கிறது என்று கடைக்காரனிடம் எனக்காகச் சண்டை போட்டவன். வீட்டுக்குப் போய் ஃபோனைத் திறந்து என் படத்தைப் பார்த்து இரங்கல் போட்டிருக்கிறான். நேரில் பிடித்துக் கேட்டேன்.

"ஏன்டா, காலையில என்கூடத்தானே டீ குடிச்சே?"

"கறுப்பு வெள்ளையில போட்டிருந்துச்சு. கோடு வேற போட்டிருந்துச்சு. ஒருவேளை டீ குடிச்ச பொறவு நடந்திருக்குமோன்னு நெனச்சேன்."

"ஒரு ஃபோன் போட்டுக் கேக்கக் கூடாதா?"

"செத்த வீட்டுக்கு ஃபோன் போட்டு, செத்தாச்சான்னா கேக்கச் சொல்றே?"

நியாயம்தான், என்ன சொல்வது! அவனைப் பார்த்து இன்னொருத்தன். அவனைப் பார்த்துப் பத்துப் பேர். கண்ணீர் அஞ்சலி, ஓம் சாந்தி, ஆன்மா இறைவனடி சேரட்டும், கும்பிடுகிற கை, அழுகிற மூஞ்சி. ஒருத்தன், அந்தக் காலமே பொற்காலம் என்றான். மாரில் அடித்துக்கொண்டு நின்ற பொம்பளைகளிடம் கேட்டிருக்க வேண்டும் அவன். ஒருத்தன், சைக்கிளுக்கு டைனமோ உண்டா என்று கேட்டிருந்தான். அத்தனை பேரில் படத்தை உற்றுப் பார்த்தவன் அவன் ஒருத்தன்தான். ஒவ்வொருத்தருக்கும் கீழே காப்பகத்திலிருந்து ஒரே பதில்: 'உங்கள் நினைவைப் பகிர்ந்தமைக்கு நன்றி.' மிஷின் போடுமாம் அந்தப் பதிலை. ஆள் வேண்டாமாம்.

என் மருமகள் வினோதாதான் எனக்கு எல்லாம் எடுத்துக் காட்டுவாள். அவளிடம் சொல்லி நானே எழுதினேன். 'நான்தான் அய்யலுசாமி. நான் உயிரோடு இருக்கிறேன்.' உடனே ஒருத்தன் கீழே எழுதுகிறான்: 'இறந்த பெரியவரை வைத்து விளையாட வெட்கமாக இல்லையா?' அதற்கு எத்தனை பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள் தெரியுமா! காப்பகம் எனக்கும் நன்றி சொன்னது. நினைவைப் பகிர்ந்தமைக்கு.

சாயங்காலத்துக்குள் வீட்டு வாசலில் செருப்பு சேர ஆரம்பித்துவிட்டது. கடலையூரிலிருந்து என் மச்சினன் கும்பலோடு வேனில் வந்துவிட்டான். நான் சட்டை இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து மிக்சர் தின்றுகொண்டிருக்கிறேன். இறங்கினவன் என்னைப் பார்த்துவிட்டு என்ன சொல்லியிருக்க வேண்டும்? நல்லா இருக்கீங்களா மாமா என்றுதானே? "வேன் வாடகை யாரு குடுப்பா?" என்கிறான்.

எனக்கு வந்ததே கோபம். ஹஸீனாவைக் கூப்பிட்டேன். சும்மா சொல்லக் கூடாது, அவள் முதல் மணியிலேயே எடுத்தாள். "அதை இப்பவே எடு. இப்பவே எடு. அழி. ஒரு எழுத்து மிஞ்சக் கூடாது" என்று கத்தினேன். "மன்னிச்சிருங்க ஐயா, தலைப்பைத் திருத்திடலாம், நீங்க நல்லா இருக்கீங்கன்னு மேலேயே போட்டுடலாம்" என்றாள். "திருத்தாதே. அழி!" என்றேன். "ஐயா, ஒருதடவை..." "அழின்னா அழி!"

அந்த நேரத்தில்தான் தம்பி, வினோதா ஃபோனும் கையுமாக அடுப்படியிலிருந்து வருகிறாள். "மாமா, பெரிய மாமா எழுதியிருக்காங்க."

பெரிய மாமா என்றால் என் அண்ணன். கெங்குசாமி. பிலாயில் இரும்பு ஆலையில் வேலை பார்த்து அங்கேயே வீடு கட்டி உட்கார்ந்துவிட்ட மனுஷன். எனக்கும் அவருக்கும் பேச்சு இல்லை. எங்கள் அம்மா செத்த பதினாறாம் நாளோடு முடிந்தது. அதற்குப் பிறகு நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை.

என்ன சண்டை என்று கேட்டால் சிரிப்பீர்கள். சொத்துச் சண்டை இல்லை. ஒரு வார்த்தைச் சண்டை.

அம்மா செத்ததும் அண்ணனுக்கு நான்தான் தந்தி அடித்தேன். என் கையாலேயே ஃபாரம் எழுதினேன். 'மதர் சீரியஸ். ஸ்டார்ட் இமீடியட்லி.' அதுதான் முறை. தந்தியில் யாரும் செத்துவிட்டாள் என்று எழுத மாட்டார்கள். சீரியஸ் என்றால் செத்தாச்சு என்று அர்த்தம். அது படிக்காதவனுக்கும் தெரியும். சீரியஸ் என்று வந்துவிட்டால் தெருவே எழுந்து ஓடும். ஆனால் என் அண்ணன் இருக்கிறாரே, படித்த மனுஷன், ஃபோர்மேன், சீரியஸ் என்றால் சீரியஸ் என்று எடுத்துக்கொண்டார். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, லீவு சாங்ஷன் ஆகிற வரை காத்திருந்து, அம்மாவுக்கு ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து இறங்கினார். நாங்கள் அம்மாவை எரித்துக் காடாற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறோம்.

அந்தப் பையைக் கீழேகூட வைக்கவில்லை. "ஊருக்கெல்லாம் எழுதுற மாதிரியே எனக்கும் எழுதிட்டியா? தந்தி ஆபீஸ்ல இருந்துக்கிட்டு எனக்கு ஒரு நெசத்தை எழுத உனக்குக் கை வரலையா?" என்றார். நான் சொன்னேன், "சீரியஸ்னா என்னன்னு பச்சைப் பிள்ளைக்கும் தெரியும், உங்களுக்குத் தெரியலைன்னா நான் என்ன செய்ய?" அவ்வளவுதான். அதைத்தான் இன்றைக்கும் சொல்கிறேன். என் பேரில் தப்பு இல்லை. நீங்களே சொல்லுங்கள் தம்பி. இரண்டு நாள் ரயிலில் ஒத்தையாக உட்கார்ந்து வரப்போகிற மனுஷனுக்கு அம்மா செத்துவிட்டாள் என்று எழுத முடியுமா? பக்கத்தில் தண்ணீர் வாங்கிக் கொடுக்கக்கூட ஆள் இல்லாமல் அத்தனை தூரமும் அழுதுகொண்டா வருவார்? வீட்டுக்கு வரட்டும், நான் பிடித்துக்கொள்கிறேன் என்றுதான்...

சரி, அதை விடுங்கள். இல்லை, அவரிடம் இதைச் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லையே. கேட்டால் சொல்லியிருப்பேன்.

ம், எங்கே விட்டேன்? வினோதா படித்தாள். "அய்யலு, இந்தத் தடவையாவது சீரியஸ்னு ஒரு வார்த்தை அடிச்சிருக்கலாமே. லீவு கேக்காம கிளம்பி வந்திருப்பேனே." இவ்வளவுதான். இரண்டு வரி.

"இன்னொரு தடவை படி" என்றேன். என் காதில் இந்தப் பக்கம் ஹஸீனா "சரிங்க ஐயா" என்கிறாள். அந்தப் பக்கம் வினோதா படிக்க வாயைத் திறக்கிறாள். "என்ன மாமா, காணோம்?" என்கிறாள். விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறாள். 'இந்தப் பதிவு இப்போது கிடைக்கவில்லை.' போய்விட்டது. எந்த ஆபீஸிலாவது சொன்ன நிமிஷத்தில் காரியம் நடந்து பார்த்திருக்கிறீர்களா தம்பி? ரேஷன் கார்டில் அப்பா பெயர் திருத்த எத்தனை நடை நடந்திருப்பேன்! இவர்கள் மட்டும் சொல்லி வாயை மூடவில்லை, அழித்துவிட்டார்கள்.

ராத்திரி முழுக்க ஒரே ஒரு விஷயம்தான். வினோதா 'அய்யலு' என்று படித்தாள். 'வந்திருப்பேனே' என்று படித்தாள். ஆனால் அவள் மருமகள். என்னைப் பார்த்து 'டேய்' என்று அவளால் படிக்க முடியாது. எழுதியிருந்தாலும் மரியாதைக்கு முழுங்கியிருப்பாள். "ஏம்மா, அதுல டேய்னு இருந்துச்சா? கடைசியில டா இருந்துச்சா?" என்று கேட்டேன். "எனக்கு ஞாபகம் இல்லை மாமா" என்று தலையைக் குனிகிறாள். பொய். இருந்ததா இல்லையா என்று சொல்ல அவளுக்குக் கூச்சம்.

நீங்கள் நினைக்கலாம், ஒரு 'டா'வுக்காக மதுரை வரைக்கும் போகிறானே கிழவன் என்று. அண்ணன் என்னைக் கோபத்தில் டா போட மாட்டார். கோபம் வந்தால் மரியாதை வந்துவிடும் அவருக்கு. பதினாறாம் நாள் அன்று வீட்டைவிட்டு இறங்கும்போது என்ன சொன்னார் தெரியுமா? "போயிட்டு வர்றேங்க" என்றார். என்னைப் பார்த்து. 'ங்க'. அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொந்தத் தம்பியை 'ங்க' போட்டார். அதற்குப் பதில் செருப்பால் அடித்திருக்கலாம்.

காலையில் ஹஸீனாவைக் கூப்பிட்டேன். "அம்மா, அழிச்சதைத் திருப்பிக் கொண்டுவர முடியுமா?" "முடியும் ஐயா, குப்பைத்தொட்டியில கொஞ்ச நாள் இருக்கும். ஆனா தலைப்பைத் திருத்தித்தான் போடுவோம்." "திருத்தக் கூடாது." "ஐயா?" "இருந்தபடியே போடு. கோட்டோட போடு." "நீங்கதானே ஐயா நேத்து..." "நேத்துச் சொன்னது நேத்து." அதற்கு அவள், "தப்புன்னு தெரிஞ்சே எப்படிங்க ஐயா போடுறது? எங்க இயக்குநர் ஒத்துக்க மாட்டார்" என்றாள். வேண்டுமானால் அண்ணன் எழுதினதைத் தானே படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். அதை அவள் வாயால் கேட்க எனக்கு இஷ்டம் இல்லை. அவளும் 'டா'வை முழுங்கத்தான் செய்வாள். என் கண்ணால் பார்க்க வேண்டும். அதனால் அந்த இயக்குநரைப் பார்க்கத்தான் போகிறேன்.

திருத்திப் போட்டால் என்ன என்கிறீர்களா? என்ன தம்பி, விவரமானவர் மாதிரி இருக்கிறீர்கள்! திருத்திப் போட்டால் நான் உயிரோடு இருப்பது அண்ணனுக்குத் தெரிந்துவிடாதா? உடனே எழுதினதை எடுத்துவிடுவார். செத்தவனுக்கு எழுதினது அது. இருக்கிறவனுக்கு எழுத மாட்டார்.

இருங்கள். மறுபடியும் அதே வெளியூர் நம்பர். கட் பண்ணிவிட்டேன்.

அண்ணனுக்கு இப்போது எப்படி இருக்கும் என்றா கேட்கிறீர்கள்? எப்படி இருக்கும்? நன்றாகத்தான் இருக்கும். மகன் இருக்கிறான், பேரன் இருக்கிறான். வயதான மனுஷன், கொஞ்சம் சங்கடப்பட்டிருப்பார். படட்டுமே. நான் படவில்லையா? ஒரு ஃபோன் போட்டுச் சொல்லிவிட்டால் என்ன என்கிறீர்கள். நீங்களும் என் மருமகளும் ஒரே பள்ளிக்கூடமா? அவளும் இதைத்தான் சொன்னாள். நான் ஏன் போட வேண்டும்? பேச்சை நிறுத்தினது யார்? காப்பகம் செய்த தப்புக்கு நான் போய் அவர் முன்னால் நிற்பதா? தப்பு செய்தது கோடு. கோடு சரிபண்ணட்டும்.

பாருங்கள், திரும்பவும். இல்லை, இது வினோதா. ஒரு நிமிஷம். எனக்குக் காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கரில் போடுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.

"சொல்லும்மா."

"மாமா, எங்க இருக்கீங்க?"

"சாத்தூர் தாண்டிட்டோம். என்ன?"

"மாமா, பெரிய மாமா வந்திருக்காங்க."

"எந்தப் பெரிய மாமா?"

"பிலாய் மாமா. ராத்திரியே கிளம்பி, விமானத்துல மதுரை வந்து, அங்கேயிருந்து டாக்ஸி. கூட பேரன் வந்திருக்கான். உங்களுக்கு எத்தனை தடவை அடிச்சானாம், நீங்க கட் பண்ணிக்கிட்டே இருக்கீங்களாம்."

"..."

"மாமா? கேக்குதா? ரோஜா மாலை வாங்கிட்டு வந்திருக்காங்க. வாசல்லயே நிக்கிறாங்க. நீங்க இருக்கீங்கன்னு சொல்லிட்டேன். நம்ப மாட்டேங்கிறாங்க மாமா. 'இந்த வீட்டுல ஒண்ணைச் சொன்னா இன்னொண்ணு அர்த்தம். ஆளைக் காட்டு'ங்கிறாங்க. நான் என்ன செய்ய?"

பார்த்தீர்களா தம்பி, பார்த்தீர்களா? இப்போதுகூட நம்பவில்லை பாருங்கள்! இத்தனை வருஷம் ஆகியும்...

"ஃபோனை அவர்கிட்ட குடு."

"வாங்க மாட்டேங்கிறாங்க மாமா. பின்னால நின்னு கத்துறாங்க."

"என்ன கத்துறார்?"

"அது... ஏதோ சொல்றாங்க மாமா."

"முழுங்காதே. ஃபோனை அவர் பக்கமா நீட்டு."

கொஞ்சம் பேசாமல் இருங்கள் தம்பி. பஸ் சத்தத்தில் ஒன்றும்... ஸ்ஸ்.

"...டேய் அய்யலு! செத்துட்டேன்னும் சொல்ல மாட்டே, இருக்கேன்னும் சொல்ல மாட்டே! என்ன மனுஷன்டா நீ! எங்கடா இருக்கே!"

கேட்டதா? உங்களுக்குக் கேட்டதா? எனக்குக் காது மந்தம், அதனால் கேட்கிறேன். என்ன சொன்னார்? மூன்று தடவையா? 'டேய்'யையும் சேர்த்தா?

ஒன்றுமில்லை, தூசி. இந்த ஜன்னலைச் சாத்தச் சொன்னேனே.

"வினோதா. நான் சொல்றதை அப்படியே அவர்கிட்ட சொல்லு. ஒரு வார்த்தை கூட்டாதே, குறைக்காதே. 'நாட் சீரியஸ். ஸ்டார்ட்டிங் இமீடியட்லி.' சொல்லு. அவருக்குப் புரியும். அந்த மாலையைத் தூக்கிப் போட்டுராதே, தண்ணி தெளிச்சு வை. எனக்கு வாங்கினது, நான் வந்து வாங்கிக்கிறேன்."

அந்தப் பையை எடுங்கள் தம்பி. வழி விடுங்கள். கண்டக்டர்! கண்டக்டர் சார்! விருதுநகர்லதான் நிக்குமா? அதெல்லாம் செத்தவங்களுக்குச் சொல்லுய்யா. விசிலை ஊது. உயிரோட இருக்கிற ஆளு இறங்கணும்.